சின்னப் பிள்ளைங்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுக்கப் போறீங்களா? நான் பட்ட பாட்டை நீங்க படாதீங்க

பின்னம்தானே, அரை கால் முக்கால், இதுல என்ன பெரிய விஷயம்னு நினைச்சுத்தான் நானும் போனேன். கொழும்பு கொட்டாஞ்சேனைல ஒரு சின்ன ஹோல்ல சனிக்கிழமை காலைல, தரம் 3ல இருந்து 5 வரைக்கும் படிக்கிற 14 பிள்ளைங்களுக்கு இலவசமா கணக்கு சொல்லிக் குடுக்கிற வேலை. என் தலைல வந்து விழுந்த முதல் பாடமே பின்னத்தின் வகைகள். நான் வேலை செய்யிறது கணக்காய்வுப் பக்கம், நம்பர் பார்த்து பயம் இல்ல, ஆனா முதல் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் முடிய முந்தியே குரல் போய், போர்ட் முழுக்க வட்டம் வட்டமா கீறி, கடைசில ஒரு பிள்ளை எழும்பி "மிஸ் இது கேக்கா பீட்சாவா"ன்னு கேட்டதுதான் மிச்சம். அப்பிடியே மூணு சனிக்கிழமை வீணாப் போச்சு. நாலாவது கிழமை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து தொடங்கினேன். அந்த ரெண்டாவது தடவை எப்பிடிச் செஞ்சேன்னுதான் கீழ எழுதியிருக்கேன். டியூசன் குடுக்கிறவங்க, புதுசா ஸ்கூலுக்குப் போன மிஸ்மார், வீட்டுல பிள்ளையோட மல்லுக்கட்டுற அம்மா அப்பா எல்லாருக்கும் இது சரிவரும்.

(டைப் பண்ண வசதிக்காக இங்க 3/4ன்னு சரிவுக்கோடு போடுறேன். பிள்ளைங்களுக்கு மட்டும் இப்பிடி எழுதிக் காட்டாதீங்க, ஏன்னு பிறகு சொல்றேன்.)

1. முதல்ல புத்தகத்தை எடுங்க, யூடியூபை இல்ல

தேவையான சாமான் மூணு. ஒண்ணு, பிள்ளை எந்தத் தரமோ அந்தத் தரத்துக் கணிதப் பாடநூல். அரசாங்கப் புத்தகம்தான், பிள்ளைட பேக்குக்குள்ளயே இருக்கும், இல்லாட்டி கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தோட இணையத்தளத்துல தமிழ் மொழிமூலத்தைத் தெரிவு செஞ்சா பிடிஎஃப் சும்மாவே இறக்கலாம். ரெண்டாவது ஆசிரியர் வழிகாட்டி, மகரகம தேசிய கல்வி நிறுவகத்தோட தளத்துல பாருங்க, எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, எதைச் செய்ய வைக்கணும்னு அதுல போட்டிருப்பாங்க. மூணாவதைத்தான் எல்லாரும் மறக்கிறது, பிள்ளைட ஸ்கூல் கொப்பி. கிளாஸ் மிஸ் எந்தச் சொல்லைப் பாவிக்கிறாங்க, எதுவரைக்கும் போயிருக்காங்கன்னு அதுல இருந்துதான் தெரியும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நான் விழுந்த முதல் குழி இங்கதான். முதல் நாள் ராத்திரி யூடியூப்ல தமிழ்ல தேடி நாலு வீடியோ பார்த்து அதுல வந்த சொல்லையே போய்ச் சொன்னேன். எல்லாம் தமிழ்நாட்டு வீடியோ. அங்க தகு பின்னம், தகா பின்னம், சமான பின்னம். எங்கட இலங்கைப் புத்தகத்துல முறைமைப் பின்னம் (3/4 மாதிரி, மேல எண் சிறுசு), முறைமையில்லாப் பின்னம் (5/4 மாதிரி, மேல எண் பெருசு), சமவலுப் பின்னம் (1/2ம் 2/4ம் மாதிரி, எண் வேற, அளவு ஒண்ணு). விஷயம் ஒண்ணுதான், ஆனா பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஆறு வகையாத் தெரியும். ஒரு பிள்ளை வீட்டுல போய் "மிஸ் புதுப் பின்னம் சொல்லிக் குடுத்தாங்க"ன்னு சொல்லி, அம்மா எனக்குக் கோல் எடுத்துட்டாங்க. வீடியோ பாருங்க, ஐடியா எடுங்க, சொல்லை மட்டும் எங்கட புத்தகத்துல இருந்து எடுங்க. புலமைப்பரிசில் வினாத்தாள்லயும் எங்கட சொல்லுதான் வரும்.

இன்னொண்ணு, அந்தத் தரத்துப் புத்தகத்துல இல்லாத வகைப் பெயரைச் சின்னதுகளுக்குச் சொல்ல வேண்டாம். பொருளை விளங்கப்படுத்துங்க, பெயரைப் பெரிய வகுப்புக்கு விட்டுடுங்க. என்கிட்ட மூணு தரமும் கலந்து இருந்ததால தரம் 5க்கு மட்டும் பெயர் சொன்னேன், மத்ததுகளுக்கு வெட்டுறதும் ஒட்டுறதும்தான்.

2. ஹோல்ல செய்யிறதா இருந்தா எழுத்துல வாங்குங்க

வீட்டுல சொல்லிக் குடுக்கிறவங்க இதை விட்டுட்டு மூணுக்குப் போகலாம். ஹோலுக்கு வாய்ப்பேச்சுல ஓம்னு சொல்லிட்டு மூணாவது கிழமை ஒரு கலியாணப் பேச்சுக்குக் குடுத்துட்டாங்க, நாங்க 14 பிள்ளைங்களோட வாசல்ல. அதுக்குப் பிறகு திகதி, நேரம், மேசை கதிரை எத்தனைன்னு ஒரு பக்கக் கடிதம் எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து. பெற்றோருக்கும் ஒரு தாள்: பிள்ளைட பேர், தரம், யார் வந்து கூட்டிட்டுப் போறது, அவங்க போன் நம்பர், போட்டோ எடுக்கலாமா இல்லையா. சாப்பாட்டு ஒவ்வாமை இருக்கான்னு ஒரு வரி கட்டாயம் சேருங்க, ஏன்னா பாண் வெட்டப் போறோம்.

3. சாமான், செலவு

வட்டத்தை மறந்துடுங்க. பீட்சா, கேக், தோடம்பழம் எல்லாம் படத்துல வடிவா இருக்கும், ஆனா வட்டத்தைச் சரியா மூணாப் பிரிச்சு வெட்ட பெரிய ஆளுக்கே கோணமானி வேணும், பிள்ளைங்க வெட்டினா ஒரு துண்டு பெருசு ஒரு துண்டு சிறுசு, பிறகு பாடம் போய் சண்டைதான் மிஞ்சும்.

அதுக்குப் பதிலா தாள் பட்டி. நான் கொஞ்ச நேரம் அடிமட்டத்தோட மண்டையைப் போட்டு உடைச்சுக் கண்டுபிடிச்சது இது, ஏ4 தாளோட அகலம் 21 சென்ரிமீற்றர், 3 சென்ரிமீற்றர் அகலத்துல வெட்டினா சரியா 7 பட்டி வரும். நீளத்தை 24 சென்ரிமீற்றருக்கு வெட்டிடுங்க. ஏன் 24ன்னா அது 2, 3, 4, 6, 8, 12 எல்லாத்தாலயும் மிச்சமில்லாமப் பிரியும். ஒரு பட்டி முழுசா இருக்கும், அடுத்தது 12 சென்ரிமீற்றர்ல ரெண்டு துண்டு, பிறகு 8ல மூணு, 6ல நாலு, 4ல ஆறு, 3ல எட்டு, 2ல பன்னிரண்டு. 7 பட்டிக்கு 7 வகை, ஒரு தாள்ல ஒரு பிள்ளைக்கு முழு செட். 7 கலர்ல தாள் வாங்கி மாத்தி மாத்திக் குடுத்தா, முழுசு சிவப்பு, அரை நீலம், கால் பச்சைன்னு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வரும். 14 பிள்ளைங்களுக்கு கலருக்கு ரெண்டு வீதம் 14 தாள்.

எனக்கு முடிஞ்ச செலவு: கொஞ்சம் தடிச்ச கலர் தாள் 14, ஒண்ணு 20 ரூபாப்படி 280. துண்டுகளைப் போட்டு வைக்க கவர் 14க்கு 70. ஒரு றாத்தல் பாண் 130. போட்டோக் கொப்பி மூணு கிழமைக்கு 42 தாள், 420. மொத்தம் 900 ரூபா. புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போனா தாள் இன்னும் மலிவு, ஆனா 14 தாளுக்காக சனிக்கிழமை அந்தச் சனத்துக்குள்ள போறது தேவையான்னு நீங்களே யோசிங்க, நான் வீட்டுக்கிட்ட கடைலயே வாங்கினேன்.

மெல்லிசு தாள் வாங்காதீங்க. முதல் தடவை சாதாரணத் தாள்ல வெட்டிட்டுப் போய் ஹோல் பேனைப் போட்டதும் பன்னிரண்டில் ஒண்ணு எல்லாம் பறந்து கூரைவரைக்கும் போச்சு, பிள்ளைங்களுக்கு அன்றைக்குப் பெருநாள். இன்னொண்ணு, வெட்டுறதை வெள்ளிக்கிழமை ராத்திரியே நீங்களே முடிச்சிருங்க. ஒரு பிள்ளைக்கு 36 துண்டு, 14 பிள்ளைக்கு 504. டீவி பார்த்துட்டே வெட்டினா ரெண்டு மணித்தியாலம்.

4. முதல் கிழமை: பெயர் இல்ல, சமமா இல்லையா மட்டும்

பாணை எடுங்க. அச்சுப் பாண், வெட்டாதது. எங்கட பிள்ளைங்க கடைக்குப் போய் "அரை றாத்தல் தாங்க"ன்னு கேட்டுப் பழகினதுகள், அதனால அரைக்கு விளக்கம் தேவையே இல்ல. நான் வேணும்னே ஒரு பக்கம் பெருசா வெட்டி ரெண்டு பேருக்குக் குடுத்தேன். சின்னத் துண்டு கிடைச்சவன் முகத்தைப் பார்க்கணும்! "இவனுக்குப் பெரிய பாதி மிஸ்"ன்னான். அங்கயே நிறுத்துங்க. பெரிய பாதி, சின்னப் பாதின்னு வீட்டுல நாங்க எல்லாரும் சொல்றதுதான், ஆனா கணக்குல பாதின்னா ரெண்டும் சமன். சமமா இல்லாட்டி அது ரெண்டு துண்டு, ரெண்டு பாதி இல்ல. இதை அவங்களே சொல்ல வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க.

பிறகு மடிக்கிற விளையாட்டு. ஒரு தாளை ஒரு தடவை மடிச்சா 2, ரெண்டு தடவை மடிச்சா 4, மூணாவது தடவை மடிக்க முந்தி எத்தனை வரும்னு கேளுங்க. பாதிப் பேர் 6 சொல்லுவாங்க. விரிச்சுப் பார்த்தா 8. கால்ல பாதி அரைக்கால்னு எங்கட பாட்டிமார் சொல்றது இதைத்தான், அந்தச் சொல்லு பிள்ளைங்களுக்கு நல்லாப் பிடிச்சுது.

காசு உதாரணம் குடுக்கிறதுன்னா 25 சதம் பக்கம் போகாதீங்க. நான் ஒரு ரூபாக்கு நாலு 25 சதம்னு தொடங்கினேன், ஒரு பிள்ளையும் 25 சதத்தைக் கண்ணால கண்டதில்ல. 100 ரூபாயை எடுங்க, ரெண்டு 50, அஞ்சு 20, பத்து 10. அஞ்சில் ஒண்ணு, பத்தில் ஒண்ணு இதுல வந்துடும், 24 சென்ரிமீற்றர் பட்டில அது வராது.

5. கோட்டுக்குக் கீழ உள்ள எண்ணை முதல்ல எழுத வையுங்க

நான் மூணு கிழமை வீணாக்கினதுக்கு உண்மையான காரணம் இதுதான், இந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனாலும் போதும்.

"நாலில் மூணு எழுதுங்க"ன்னு சொன்னேன். 14 பேர்ல 9 பேர் மேல 4, கீழ 3 போட்டாங்க. நான் ஏசிட்டேன், கவனமில்லன்னு. வீட்டுக்கு வந்து கொப்பிகளைப் பார்த்துட்டு இருக்கும்போதுதான் தலைல அடிச்ச மாதிரி விளங்கிச்சு, பிள்ளைங்க கவனமாத்தான் கேட்டிருக்கு. தமிழ்ல நாங்க கீழ உள்ளதைத்தான் முதல்ல சொல்றோம். நாலில், மூணு. முதல்ல காதுல விழுறது நாலு, முதல்ல கை எழுதுறது மேல, அப்ப 4 மேல போகாம எங்க போகும். சிங்களத்துலயும் அப்பிடித்தான், ஹதரென் துன. இங்கிலீஷ்ல மாறி, த்ரீ ஃபோர்த்ஸ், மேல உள்ளது முதல்ல வரும். கொழும்புப் பிள்ளைக்கு வீட்டுல ஒண்ணு, பக்கத்து வீட்டுல ஒண்ணு, இங்கிலீஷ் மீடியத்துல படிக்கிற அக்கா சொல்றது இன்னொண்ணு. அதோட சில பேர் "மூணின் கீழ் நாலு"ன்னும் சொல்லுவாங்க, அதுல திரும்ப மூணு முதல்ல.

மருந்து லேசு. முதல்ல கோட்டைக் கீறு. "நாலில்" கேட்டதும் கோட்டுக்குக் கீழ 4. "மூணு" கேட்டதும் மேல 3. காது போற வழில கை போகுது. பத்து நிமிஷம் இதை மட்டும் சொல்வதெழுதல் மாதிரி செஞ்சேன், மூன்றில் ஒண்ணு, எட்டில் அஞ்சு, ஆறில் அஞ்சுன்னு. கடைசி அஞ்சுல ரெண்டு பேர்தான் பிழை விட்டாங்க.

பகுதி எண், தொகுதி எண்ணுலயும் ஒரு பொறி இருக்கு. பகுதின்னா துண்டுதானே, அப்ப நிறம் தீட்டின துண்டுதான் பகுதி எண்ணுன்னு பிள்ளைங்க நினைக்குது, நியாயமான நினைப்புத்தான். நான் சொல்லிக் குடுத்தது: எத்தனை பகுதியாப் பிரிச்சோம், அது பகுதி எண், கீழ. அதுல எத்தனையைத் தொகுத்து எடுத்தோம், அது தொகுதி எண், மேல.

சரிவுக்கோடு போட்ட தாளைப் போட்டோக் கொப்பி அடிச்சுக் குடுக்காதீங்க. 1/2ஐ ஒரு பிள்ளை "ஜனவரி ரெண்டு"ன்னு வாசிச்சுது. படுக்கைக் கோடுதான், கையால எழுதினாலும் பரவாயில்ல.

6. அலகுப் பின்னம், முறைமைப் பின்னம்

கவரைக் குடுங்க. ஒவ்வொரு கலர்லயும் ஒரு துண்டை மட்டும் எடுத்து வரிசையா அடுக்கச் சொல்லுங்க. 1/2, 1/3, 1/4, 1/6, 1/8, 1/12. மேல எல்லாத்துலயும் 1, அதுதான் அலகுப் பின்னம், கதை முடிஞ்சுது. ஆனா அடுக்கினதை உடனே கலைக்க விடாதீங்க, ஏன்னா கீழ எண் பெருசாகப் பெருசாகத் துண்டு சின்னதாகிறதை கண்ணால பார்க்கிற ஒரே சந்தர்ப்பம் அது. மூன்றில் ஒண்ணு பெருசா நாலில் ஒண்ணு பெருசான்னு வாயால கேட்டா நாலுன்னுதான் வரும். 8 சென்ரிமீற்றர் துண்டையும் 6 சென்ரிமீற்றர் துண்டையும் பக்கத்துல வச்சிட்டா வாதாட ஆளில்ல.

முறைமைப் பின்னத்துல பெருசா ஒண்ணும் இல்ல. மேல உள்ளது கீழ உள்ளதை விடச் சிறுசு, அதனால முழுப் பட்டியை விடக் குறைவு. 2/3, 5/8, 7/12ஐத் துண்டால அடுக்கி முழுப் பட்டிக்கு மேல வச்சுப் பார்க்கச் சொன்னா போதும். அலகுப் பின்னங்கள் இங்க உள்ள எல்லாமே முறைமைப் பின்னமும்தான்னு ஒரு வார்த்தை சொல்லி வையுங்க, இல்லாட்டி வேற வேற பெட்டின்னு நினைச்சிடும்.

7. முறைமையில்லாப் பின்னமும் கலப்பு எண்ணும்

இங்கதான் நாங்க மேல சொன்ன வாசிப்பு முறை காலை வாரும். 5/4ஐ எழுதிட்டு "நாலில் அஞ்சு"ன்னு வாசிச்சேன். முன்னுக்கு இருந்த பிள்ளை என்னைப் பார்த்த பார்வை! நாலுதான் இருக்கு, அதுல அஞ்சை எப்பிடி எடுக்கிற? சரியான கேள்வி. அதனால இந்த இடத்துல மட்டும் வாசிப்பை மாத்துங்க: அஞ்சு கால். நாலில் அஞ்சு இல்ல, கால் கால் காலா அஞ்சு.

"அஞ்சு கால்"ன்னதும் ஹோலே சிரிச்சுது, எனக்கு முதல்ல விளங்கல. ஒரு பொடியன் சொன்னான், "மிஸ், நாலு கால்னா ஒரு நாய், அஞ்சு கால்னா ஒரு நாயும் இன்னொரு நாயோட ஒரு காலும்". நான் தயார்படுத்திட்டுப் போன எல்லாத்தையும் விட அது திறம். அதையே பிடிச்சிட்டேன். ஆறு கால் எத்தனை நாய்? ஒன்றரை. ஏழு கால்? ஒன்றேமுக்கால். எட்டுக் கால்? ரெண்டு நாய், இன்னொருத்தன் "சிலந்தி"ன்னான், அதையும் ஒத்துக்கொண்டேன். அதுக்குப் பிறகு பக்கத்துல இருக்கிறவங்க ரெண்டு பேரும் கால் துண்டுகளை ஒண்ணாச் சேர்த்து அஞ்சு கால், ஏழு கால்னு முழுப் பட்டிக்கு மேல அடுக்கினாங்க. (ஒருத்தருக்கு நாலு கால்தான் இருக்கும், அதனால இதைச் சோடியாத்தான் செய்யணும்.)

கலப்பு எண்ணுக்கு மணிக்கூடே போதும். மூணே கால், மூன்றரை, மூணே முக்கால், இதெல்லாம் பிள்ளைங்க வாயில ஏற்கனவே இருக்கிற கலப்பு எண்தான். மூணே கால்ல உள்ள அந்த "ஏ"க்குள்ள ஒரு கூட்டல் ஒளிஞ்சிருக்கு, மூணும் காலும். கவனம், மூன்றரையை 3.30ன்னு எழுதுவாங்க, மணிக்கூட்டுல அப்பிடித்தானே காட்டுது. அன்றைக்கே திருத்தாட்டி தசமம் வரும்போது பெரிய தலையிடி.

மாத்துற கணக்குக்கு "பெருக்கிக் கூட்டு"ன்னு சூத்திரத்தை முதல்ல குடுக்காதீங்க. 2¾ன்னா ஒரு முழுசுக்கு நாலு கால், அடுத்த முழுசுக்கு நாலு கால், மிச்சம் மூணு கால். 4, 4, 3, மொத்தம் 11 கால், அதனால 11/4. நாலஞ்சு தடவை இப்பிடிச் செஞ்சா பெருக்கலை அவங்களே கண்டுபிடிப்பாங்க. எழுத்துல ஒரு சின்ன விஷயம்: சதுர ரூல் கொப்பில 2ஐ ரெண்டு பெட்டி உயரத்துக்குப் பெருசா எழுத வையுங்க. இல்லாட்டி 2ம் 3ம் ஒட்டி 23/4 ஆகிடும், இந்தப் பிழைக்கு நான் போட்ட சிவப்புப் பேனை மையே தனிக் கணக்கு.

4/4 எந்த வகைன்னு யாராவது கட்டாயம் கேப்பாங்க. மேலயும் கீழயும் சமன்னாலும் அது முறைமையில்லாப் பின்னம்தான், பெறுமதி 1.

8. சமவலுப் பின்னம்

பட்டி இருந்தா இது பத்து நிமிஷ வேலை. அரைத் துண்டை வச்சிட்டு, அதே நீளத்துக்கு வேற எந்தக் கலரால நிரப்பலாம்னு விட்டுடுங்க. 2/4, 3/6, 4/8, 6/12 அவங்களே எடுத்துத் தருவாங்க. மூன்றில் ஒண்டால நிரப்ப முடியாம ஒரு பிள்ளை தவிக்கும், அதையும் பேசுங்க. "அப்ப 6/12 பெருசு இல்லையா, எண்ணு பெருசா இருக்கே"ன்னு வரும். துண்டு கூடினது, பாண் கூடல. அவ்வளவுதான் சொன்னேன்.

கூட்டல் பக்கம் இப்பவே போகாதீங்க. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி பிழையா 2/5 எழுதுறதுக்கு எல்லாப் பிள்ளையும் தயாரா நிக்கும்.

9. எத்தனை நாள் எடுக்கும்

கிழமைக்கு ஒரு மணித்தியாலப்படி நாலு கிழமை. முதல் கிழமை பாணும் மடிப்பும், ரெண்டாவது எழுதுறதும் அலகு, முறைமைப் பின்னமும், மூணாவது முழுக்க முறைமையில்லாப் பின்னமும் கலப்பு எண்ணும், நாலாவது சமவலுவும் மீட்டலும். மூணாவதை ரெண்டாவதோட சேர்த்து ஓட்டப் பார்த்தேன், ஓடல. காலைல டியூசன் முடிச்சு வர்ற பிள்ளைங்கன்னா 40 நிமிஷத்துக்கு மேல மூளை நிக்காது, மிச்ச நேரத்தை விளையாட விடுங்க.

கடைசி நாள் பரீட்சைத் தாள் குடுக்காம, ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு மூணு விஷயம் மட்டும் கேட்டேன்: எட்டில் மூணை எழுது, ஏழு காலைத் துண்டால அடுக்கிக் காட்டு, அரைக்கு இன்னொரு பேர் சொல்லு. ஒரு பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம். அதோட கவரைத் திருப்பி வாங்க முந்தி 36 துண்டும் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, பன்னிரண்டில் ஒண்ணு எப்பவும் ரெண்டு மூணு குறையும், மேலதிகமா ஒரு தாள் வெட்டி வச்சிருந்தா அடுத்த செட் பிள்ளைங்களுக்குத் திரும்ப 900 செலவழிக்கத் தேவையில்ல, பாணும் போட்டோக் கொப்பியும் மட்டும்தான்.